மேலேறாத சாளரங்கள்

லினக்ஸில் டிடபிள்யுஎம் போன்ற டைலிங் விண்டோ மேனேஜரை முதன்முறை ஏற்றிப் பார்ப்பவருக்குக் கிடைப்பது ஒரு வெற்றுத் திரையும், மேலே 1 முதல் 9 வரை எண்கள் கொண்ட ஒல்லியான பட்டையும்தான். ஆல்ட், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் ஒன்று திரை முழுக்க விரியும். மறுபடி அழுத்தினால் புதியது இடப்பக்கத்தில் பாதிக்குச் சற்று மேல் பிடித்துக்கொள்ள, பழையது வலப்பக்கம் ஒதுங்கும். மூன்றாவது வந்தால், ஒதுங்கிய இரண்டும் அந்த வலப்பக்கத்தை மேலும் கீழுமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். எதுவும் எதன் மேலும் ஏறாது. மவுஸைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை. புரோகிராமர்களின் புதுப் பித்து என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆனால் மேக்கின்டாஷ் வருவதற்கு 3 ஆண்டு முன்பே, 1981-ல், ஜெராக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டார் கணினி இப்படித்தான் சாளரங்களை அடுக்கியது. ஒருமுறை தோற்றுப்போன ஏற்பாடு லினக்ஸில் எப்படிப் பிழைத்தது? சாளரம் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது என்பதில்தான் விடை இருக்கிறது என்பேன்.

சாளரங்களை ஒட்டி அடுக்குவது, ஒன்றன்மேல் ஒன்று ஏற விடுவது என்ற இரண்டு முறைகளும் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தோடு தொடர்புடையவை. ஆலன் கே குழுவின் ஸ்மால்டாக் நிரலாக்கச் சூழலில் சாளரங்கள் மேசையில் கிடக்கும் காகிதங்கள்போல ஒன்றையொன்று மறைத்தன. அதே இடத்தில் உருவான சீடர் என்ற மற்றொரு சூழல் அவற்றை ஒட்டி நிறுத்தியது. ஒன்றையொன்று மறைக்காதபடி சாளரங்களை நகர்த்தி வைப்பதிலேயே பயனர்களின் நேரம் போவதைக் கண்டுதான் ஸ்டாரை வடிவமைத்தவர்களும் அந்த வேலையைக் கணினியிடம் விட்டார்கள். பார்க்கில் ஓராண்டு தங்கிய நிக்லாஸ் விர்த், ஜூரிக் திரும்பி உருவாக்கிய ஓபரான் இயங்குதளம் இதே வழியைப் பின்பற்றியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ என்ற கணினி அமைப்பும் அப்படியே. சீடரில் வேலை பார்த்த ஸ்காட் மெக்ரெகர் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். 1985 நவம்பரில் வந்த விண்டோஸ் 1.0-விலும் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை. விஷயம் தெரிந்த பலரின் தேர்வாக ஒட்டி அடுக்கும் முறை இருந்த காலம் அது.

ஆப்பிளின் வழக்குக்குப் பயந்துதான் மைக்ரோசாஃப்ட் அப்படிச் செய்தது என்று இன்றும் சொல்வார்கள். மெக்ரெகர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பார்த்தால் அந்தக் கதை தேவைப்படாது. ஆப்பிள் வழக்குப் போட்டது 1988-ல், சாளரங்கள் ஒன்றையொன்று மறைத்த விண்டோஸ் 2.0 வந்த பிறகு. ஒட்டி அடுக்கும் முறையைக் கைவிட வைத்ததில் திரைக்குப் பெரிய பங்கு இருக்க வேண்டும். அன்றைய சிஜிஏ கார்டு காட்டியது 640 × 200 புள்ளிகள். வரிக்கு 80 எழுத்து என்றால் 25 வரி. அதைப் பாதியாக வெட்டினால் 40 எழுத்து அல்லது 12 வரி மிஞ்சும். அவ்வளவு இடத்தில் யார் கடிதம் எழுதுவது? ஆனால் சிறிய திரையை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. 17 அங்குலத் திரையோடு ஏறக்குறைய 16,000 டாலருக்கு விற்ற ஸ்டாருக்குப் பின்வந்த வியூபாயின்ட் மென்பொருளிலும், பயனர்கள் விரும்பியதால், சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏற அனுமதி கிடைத்தது. சாரா பிளை, ஜாரெட் ரோசன்பர்க் இருவரும் 1986-ல் வெளியிட்ட சோதனை இந்த முடிச்சை அவிழ்க்கிறது. கணினி ஒதுக்கும் இடத்துக்குள் உள்ளடக்கம் அடங்கும் வேலைகளில் ஒட்டி நிற்கும் சாளரங்களே வேகமானவை. அடங்காத வேலைகளில், பழகிய பயனர்கள் சிலருக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் சாளரங்கள் உதவின. படமும் பத்திரமும் கலந்து புழங்கும் அலுவலகம் இரண்டாம் வகை. நிரல் வரிகள், லாக் ஃபைல், டெர்மினல் என்று எழுத்தோடு மட்டுமே நாளைக் கழிப்பவரின் வேலை முதல் வகை.

எல்லாருக்கும் ஒரே பொருளை விற்க வேண்டிய நிறுவனம் பெரும்பான்மையின் பக்கம் சாய்ந்ததில் தவறில்லை. சிறுபான்மைக்கு இடம் கிடைத்தது வேறு ஒரு முடிவால். 1984-ல் எம்ஐடியில் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கி, பின்னர் லினக்ஸும் எடுத்துக்கொண்ட எக்ஸ் என்ற சாளர அமைப்பு, திரையில் வரைவதற்கான வசதியை மட்டும் தந்துவிட்டு, சாளரத்தை வைக்கும் பொறுப்பைத் தனி புரோகிராமுக்கு விட்டது. அந்த இடத்தில் எவரும் எழுதிய எதையும் பொருத்தலாம். 1980-களின் இறுதியிலேயே சீமென்ஸ் ஆய்வகம் அதற்கு ஒரு டைலிங் மேனேஜர் செய்தது, பரவவில்லை. 2000-ஐ ஒட்டி வந்த ராட்பாய்சனும் அயானும்தான் பாதை போட்டன. ராட்பாய்சனின் முன்மாதிரி பார்க்கின் எந்தக் கணினியும் அல்ல, டெர்மினலைக் கூறு போடும் குனு ஸ்க்ரீன். மவுஸை ஒழிப்பதே நோக்கம் என்பதை 'எலி விஷம்' என்ற பொருள் தரும் அந்தப் பெயரிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். மவுஸால் எல்லைக்கோடுகளை இழுப்பது அலுப்பு. விரல் எடுக்காமல் அடுத்த சாளரத்துக்குத் தாவுவது அப்படியல்ல. பழைய முயற்சிகளில் இல்லாமல் போன சரக்கு இதுதான். 2006-ல் டிடபிள்யுஎம், 2007-ல் ஹாஸ்கெல் மொழியில் எக்ஸ்மொனாட், 2009-ல் ஐ3 என்று வரிசை நீண்டது.

இது மேட்டிமைத்தனம் என்ற குற்றச்சாட்டை மறுப்பதற்கில்லை. டிடபிள்யுஎம்மில் நிறம் மாற்றக்கூட சி நிரலைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அதனால் பயனர் கூட்டம் சிறிதாகவே இருக்கும் என்று அந்தத் திட்டத்தார் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டார்கள். ஆனால் 2000 வரிக்கு மேல் போகக் கூடாது என்று அவர்கள் விதித்துக்கொண்ட வரம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருவர் முழுக்கப் படித்துத் தனக்கேற்ப வெட்டிக்கொள்ளும் அளவு அது. டயலாக் பெட்டிகளுக்கு மிதக்க இடம் தரும் டைலிங் அரைகுறைதானே என்று கேட்டால், விண்டோஸ் 1.0-வும் அந்த விலக்கைத் தந்தது என்பதே பதில். விண்டோஸ் 7 முதல், 2024-ல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயா வரை, பெரிய நிறுவனங்களும் சாளரத்தைத் திரையின் ஓரத்தில் ஒட்ட வைக்கின்றனவே என்பதை வெற்றிக்குச் சான்றாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே ஒட்டும் வேலை ஒவ்வொரு முறையும் பயனருடையது. ஸ்டாரை வடிவமைத்தவர்கள் ஒழிக்கப் பார்த்த வேலையே அது.

எக்ஸுக்கு மாற்றாக 2008-ல் தொடங்கிய வேலண்ட், அந்தத் தனி இடத்தை எடுத்துவிட்டது. திரையில் வரைவதும் சாளரத்தை வைப்பதும் அங்கே ஒரே புரோகிராமின் வேலை. 2000 வரியில் அதை முடிக்க முடியாது. 2019-ல் 1.0 பதிப்பை எட்டிய ஸ்வே என்ற வேலண்ட் டைலிங் மேனேஜரை எழுதியவர்கள், பாரமான பகுதியை டபிள்யுஎல்ரூட்ஸ் என்ற நூலகமாகப் பிரித்து எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அதன் மேல் டிடபிள்யுஎம்மின் வாரிசாக டிடபிள்யுஎல் எழுந்திருக்கிறது. ஐ3-க்கு எழுதிய கான்ஃபிக் ஃபைல் ஸ்வேயில் பெரும்பாலும் அப்படியே ஓடுகிறது.