சுவிட்சர்லாந்துக் கூட்டாட்சி அரசின் அமைப்பு

சுவிட்சர்லாந்து 26 கன்டோன்கள் சேர்ந்த கூட்டாட்சி நாடு. 1847இல் கத்தோலிக்கக் கன்டோன்களின் சோண்டர்புண்டு அணிக்கும் மற்றவற்றுக்கும் இடையே குறுகிய உள்நாட்டுப் போர் மூண்டது. அது ஓய்ந்த மறு ஆண்டில் எழுதப்பட்ட அரசியலமைப்பே இன்றைய அரசுக்கு அடித்தளம். 1874இலும் 1999இலும் அதை முழுமையாகத் திருத்தி எழுதினாலும் ஆட்சியுறுப்புகளின் அமைப்பு பெரிதும் மாறவில்லை. போரில் தோற்ற சிறு கத்தோலிக்கக் கன்டோன்களின் குரல் அமுங்கிவிடக் கூடாது, அதிகாரம் ஒருவர் கையில் சேரக் கூடாது என்ற இரு கவலைகளும் அதில் ஆழப் பதிந்திருக்கின்றன.

நாடாளுமன்றம் பெர்ன் நகரில் கூடுகிறது. அதற்கு அமெரிக்க முன்மாதிரியை ஒட்டிய ஈரவைகள் உண்டு. தேசிய அவையின் 200 இடங்கள் மக்கள்தொகைப்படி கன்டோன்களுக்குப் பகிரப்படுகின்றன. கன்டோன்களின் அவையில் 46 பேர். 15 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் சூரிச்சுக்கும், 40 ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரிக்கும் அங்கே தலா இரண்டே இடம். அரைக் கன்டோன்களாக இருந்த ஆறுக்கு மட்டும் ஒவ்வோர் இடம். இரு அவைகளுக்கும் சம அதிகாரம் இருப்பதால், ஒன்று ஏற்காத சட்டத்தை மற்றொன்று தனியே நிறைவேற்ற முடியாது.

இந்த அமைப்பின் தனித்தன்மை முழுவதும் நிர்வாகத் துறையில் தெரிகிறது. அங்கே பிரதமர் கிடையாது. கூட்டாட்சிப் பேரவை என்னும் எழுவர் குழுவே அரசாங்கம். நாட்டின் தலைமைப் பதவியும் அந்த எழுவருக்கும் பொதுவானது. தேசிய அவைத் தேர்தல் முடிந்ததும் டிசம்பரில் ஈரவைகளின் 246 உறுப்பினர்களும் ஒன்றாகக் கூடி, ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே இரகசிய வாக்கெடுப்பு நடத்தி நான்காண்டுக்கு இவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வானவர் நாடாளுமன்ற உறுப்பினராக நீடிக்க முடியாது. ஆளுக்கொரு துறையை நடத்தினாலும் முடிவுகளைக் கூடித்தான் எடுக்க வேண்டும். உள்ளே எதிர்த்தவரும் வெளியே பேரவையின் முடிவுக்கே நிற்க வேண்டும் என்பது நெறி. எழுவரில் ஒருவர் ஓராண்டுக்குக் குடியரசுத் தலைவர் ஆகிறார். கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், சகாக்களுக்கு ஆணையிட அவருக்கு அதிகாரமில்லை.

நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் பேரவையைக் கவிழ்க்க முடியாது. பேரவையாலும் நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாது. 1848 முதல் இன்றுவரை, மறுதேர்வு கோரித் தோற்ற பேரவை உறுப்பினர்கள் நால்வரே. அவர்களில் 2007இல் பதவி இழந்த கிறிஸ்டோப் பிளோக்கர் கடைசி. பெரிய கட்சிகள் எல்லாம் அரசில் பங்கு பெறுவதும் வழக்கம். பேரவையின் ஏழு இடங்களையும் அக்கட்சிகளுக்குப் பிரிக்க 1959இல் உருவாகிய 2-2-2-1 என்ற பங்கீட்டை ‘மந்திரச் சூத்திரம்’ என்கிறார்கள். சட்டத்தில் எழுதப்படாத இந்த உடன்பாடே அரசின் உறுதிக்கு முதற்காரணம் என்று சொல்லலாம்.

அப்படியானால் எதிர்க்கட்சி எங்கே? மக்களே அந்த இடத்தில் நிற்கிறார்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை எதிர்த்து 100 நாளில் 50,000 கையெழுத்துத் திரட்டினால் அது பொது வாக்கெடுப்புக்குப் போகும். 18 மாதத்தில் 1,00,000 கையெழுத்துச் சேர்த்தால் அரசியலமைப்பைத் திருத்தவே மக்கள் முன்மொழியலாம். அது நிறைவேற வாக்காளர்களிலும் கன்டோன்களிலும் பெரும்பான்மை வேண்டும். இந்த வாக்குரிமையைத் தரும் குடியுரிமையும் மூன்றடுக்குக் கொண்டது: வெளிநாட்டவர் ஒருவர் பொதுவாகப் பத்தாண்டு வசித்த பின், ஊராட்சி, கன்டோன், கூட்டாட்சி மூன்றின் ஒப்புதலையும் பெற வேண்டும். 1980களிலிருந்து அங்கே தஞ்சம் புகுந்த இலங்கைத் தமிழர் பலர் இவ்வாறு குடியுரிமை பெற்றிருக்கிறார்கள்.

நீதித்துறையின் உச்சியில் உள்ளது லோசான் நகரின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம். நீதிபதிகளை ஆறாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கிறது. கீழே பெல்லின்சோனாவில் கூட்டாட்சிக் குற்றவியல் நீதிமன்றமும் செயின்ட் காலனில் நிர்வாக நீதிமன்றமும் இயங்குகின்றன. அரசியலமைப்பின் 190ஆம் பிரிவின்படி கூட்டாட்சிச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் செயல்படுத்தியே ஆக வேண்டும். அவை அரசியலமைப்புக்கு முரணானாலும் தள்ளிவிட முடியாது. மக்கள் தீர்ப்பே போதும் என்ற நம்பிக்கையில் அமைந்த ஏற்பாடு இது. ஆனால் அந்தத் தீர்ப்பு எப்போதும் நியாயமாக அமைந்துவிடவில்லை: பெண்களின் வாக்குரிமையை 1959இல் ஆண் வாக்காளர்கள் நிராகரித்தார்கள், 1971இல்தான் ஏற்றார்கள். கன்டோன் சட்டங்களின்மீது நீதிமன்றத்துக்கு இந்தத் தடை இல்லை. அப்பன்செல் இன்னர்ரோடன் ஆண்கள் 1971க்குப் பிறகும் உள்ளூர் வாக்குரிமையை மறுத்துவந்தபோது, 1990இல் உச்ச நீதிமன்றமே தலையிட்டு அந்தக் கன்டோனின் பெண்களுக்கு அதை வழங்கியது.