துரியோதனனோடு ஒரு வாழ்நாள்

தமிழில் நடிப்புப் பயிற்சி என்று பேச்செடுத்தால் நாம் வழக்கமாகச் சங்கரதாஸ் சுவாமிகளிடமிருந்தே தொடங்குகிறோம். வகுப்பறையிலும் அப்படித்தான் பாடம் நடத்துகிறோம். 1918-இல் மதுரையில் அவர் உருவாக்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், அங்கே சிறுவர்களாய்ச் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்களும் நாடக வரலாற்றின் தவிர்க்க முடியாத பக்கங்கள். ஆனால் ஒரே பாத்திரத்தை ஆண்டுக்கணக்கில் ஆழ்ந்து கற்கும் பயிற்சியைத் தேடிப் போகிறவருக்குப் பாலர் சபை பெரிதும் உதவாது. ஆறு வயதில் பாடம் கேட்கத் தொடங்கும் பிள்ளைக்குப் பதினான்கு, பதினைந்து வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைகிறது. அதோடு அதுவரை கட்டிய வேடமும் போய்விடுகிறது. அபிமன்யுவாக நடித்த சிறுவன் அபிமன்யுவோடு முதிர முடியாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அந்தச் சபையில் வளர்ந்த டி.கே. சண்முகம், முப்பது வயதை ஒட்டி ஔவையார் வேடம் ஏற்றார். அதற்கெனப் பற்களைக்கூடப் பிடுங்கிக்கொண்டார் என்று இன்றும் பேசப்படுகிறது. கிழவியின் வேடம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவ்வை சண்முகம் ஆனார். அவர் கற்ற அளவுக்கு ஒரு பாத்திரத்தைக் கற்க மற்றவர்க்கு வழியமைத்துத் தரும் முறை ஒன்று மட்டும் கம்பெனி நாடகத்தில் உருவாகவில்லை.

அந்த முறை வேறோர் இடத்தில் ஏற்கெனவே இருந்தது. தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதக் கூத்தைச் சொல்கிறோம். சடையங்குப்பத்தில் நின்று மணலி எண்ணெய் ஆலையின் புகைபோக்கிகளைப் பார்க்கிறவருக்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். 2011-இல் மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை சடையங்குப்பம் ஒரு கிராம ஊராட்சி. அதற்கு முன் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். காஞ்சிபுரமும் அதே மாவட்டம். கூத்தின் நிலப்பரப்பு நம் வாசலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

கூத்தில் கட்டை வேடம் எளிதில் கிட்டுவதன்று. மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜக்கட்டைகளும் மார்புப் பதக்கமும் அணிந்து, இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை பாடி ஆட வேண்டும். பெண் வேடத்திலும் சிறு வேடங்களிலும் பல ஆண்டு ஆடிய பிறகே ஒருவர் துரியோதனனுக்கு வந்து சேர்கிறார். வந்தபின் அந்த வேடம் ஒரே இரவில் முடிவதில்லை. துகிலுரிதல் இரவில் அவன் ஆணவம் மிக்க அரசன். கிருஷ்ணன் தூதில் நிலம் தர மறுப்பவன். பதினெட்டாம் போரில் தம்பியரை இழந்து தனித்து நிற்பவன். திருவிழாவுக்குத் திருவிழா, ஊருக்கு ஊர் இந்த மூவரையும் ஒருவனாக்கும் வேலை நடிகருடையது. கேரளத்துக் கூடியாட்டத்தில் நிர்வஹணம் என்றொரு பகுதி உண்டு: ஒரே நடிகர் தன் பாத்திரத்தின் முன்கதையைப் பல இரவுகள் தனியாக அபிநயிப்பார். கூத்தில் அப்படியொரு தனி ஏற்பாடு இல்லை. பதினெட்டு நாள் பாரதமே நிர்வஹணமாகிவிடுகிறது என்று நாம் சொல்லுவோம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒரே வேடத்தைத் திரும்பத் திரும்பக் கட்டினால் அது செத்துப்போகாதா? ஸ்தானிஸ்லாவ்ஸ்கிக்கும் இதே சிக்கல் வந்தது. இப்சனின் நாடகத்தில் 1900 முதல் டாக்டர் ஸ்டாக்மன் வேடம் ஏற்றுப் பெரும்புகழ் பெற்றவர், 1906 கோடையில் பின்லாந்தில் உட்கார்ந்து, தன் ஸ்டாக்மன் வெறும் அசைவுகளாக வற்றிப்போனதை எண்ணி வருந்தினார். அந்த வருத்தத்திலிருந்துதான் அவருடைய பயிற்சிமுறை வளர்ந்தது.

கூத்து இதற்கு வைத்திருக்கும் விடை கட்டியக்காரன். வேடக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து பாடுகிறார். இருவர் பிடித்த திரையின் மேலே கிரீடம் தெரிகிறது, பிறகு முகம். திரை விலகியதும் ‘நீர் யார்?’ என்று கட்டியக்காரன் குடைகிறான். பாட்டு வரையறுத்தது; வசனம் பெரிதும் அப்போதைக்கப்போது எழுவது. கட்டியக்காரன் இன்று என்ன கேட்பான், எந்த உள்ளூர் விவகாரத்தை இழுப்பான் என்பது துரியோதனனுக்குத் தெரியாது. அரசனாகவே நின்று பதில் சொல்ல வேண்டும். இருபது ஆண்டு கட்டிய வேடமானாலும் ஒவ்வோர் இரவும் தான் யார் என்று புதிதாகச் சொல்லியாக வேண்டும். மனப்பாடம் இங்கே துணைக்கு வராது. (கூத்தை எழுத்தறியாதார் ஆட்டம் என்று ஒதுக்கிய நம் பேராசிரியர் பரம்பரை இந்தப் பயிற்சியின் நுட்பத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை.)

கவனித்தவர் ந. முத்துசாமி. 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறை தொடங்கிய அவர், புரிசை கண்ணப்பத் தம்பிரானை நவீன நாடகக்காரர்களுக்கு ஆசானாக்கினார். ஆனால் நகரத்து நடிகர் சில மாதம் அடவு கற்றுப் போவது ஒன்று, ஒரு வேடத்தோடு முதிர்வது வேறொன்று. இரண்டாவதற்கு வயிற்றுப்பாடும் காலமும் வேண்டும். கூத்துக் குடும்பத்தில் பிறந்த பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002-இல் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம் அந்தக் காலத்தைத் தர முயன்றது. பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆண்களே கட்டிவந்த வேடங்களைப் பெண் பிள்ளைகளும் கட்டினார்கள். அதுதான் அங்கே நடந்த பெரிய காரியம் என்பது நம் கருத்து. 2020-இல் குருகுலம் மூடப்பட்டது. அங்கே பத்து வயதில் சேர்ந்த ஒரு பெண் துரியோதனனை எடுத்து, நாற்பது வயதில் அவனை எப்படி ஆடியிருப்பாள் என்று பார்க்க அந்தப் பதினெட்டு ஆண்டு போதாது.

ஊர்களில் படுகளம் இன்னும் நடக்கிறது. போர் முடியும் காலையில் கோயில் திடலில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான், ஒரு வீட்டைவிட நீளமாய். வேடக்காரர் அதே கிரீடத்தோடு, வியர்வையில் கலைந்த வண்ணத்தோடு, தன் மண் உடலைச் சுற்றி ஓடிப் பீமனோடு பொருதுகிறார். முந்தின இரவு முழுதும் தூங்காதவர் அவர்.