எல்லையில் நில்லாத குரல்

ஒரு கருவியைக் கண்டவரின் பெயர் வரலாற்றில் நிலைக்கிறது. அக்கருவி எங்கும் பயன்படுமாறு பொதுவிதி வகுத்தோரை எவரும் நினைப்பதில்லை. கைப்பேசியின் வரலாறும் இதற்கு விலக்கன்று. 1973 ஏப்ரல் 3ஆம் நாள் நியூயார்க் வீதியில் நின்று, கையில் ஏந்திய பேசியில் உரையாடிய மார்ட்டின் கூப்பரைப் பலர் அறிவர். ஆனால், ஒரு நாட்டில் வாங்கிய கைப்பேசி மறு நாட்டிலும் பேசுகிறதே, அவ்வசதி எவ்வாறு பிறந்தது?

முதல் தலைமுறைச் சேவை 1979இல் டோக்கியோவில் மோட்டார் வாகனங்களுக்கெனத் தொடங்கிற்று. 1981இல் ஸவூதி அரேபியாவிலும் ஸ்வீடன், நார்வே நாடுகளிலும் பரவியது. நகரைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கோபுரம் நிறுத்தி, ஒரே அலைவரிசையைத் தொலைவிலுள்ள வட்டாரங்களில் மீண்டும் பயன்படுத்துவதே இதன் அடிப்படை. ஆயினும் ஐரோப்பாவில் பிரிட்டனுக்கு ஒரு முறை, ஜெர்மனிக்கு ஒரு முறை, பிரான்சுக்கு வேறொரு முறை என்றிருந்தது. பாரிஸிலிருந்து புறப்பட்ட வாகனம் ஜெர்மன் எல்லையைத் தாண்டியதும் அதிலிருந்த தொலைபேசி ஊமையாயிற்று.

இந்நிலையை மாற்ற, ஐரோப்பிய நாடுகளின் அஞ்சல், தந்தித் துறைகளின் கூட்டமைப்பு 1982இல் ஒரு குழுவை அமைத்தது. தாமஸ் ஹவுக் அதன் தலைவர். குரலை எண்களாக மாற்றி அனுப்பும் புதிய முறையே ஏற்றது என அக்குழு கண்டது. பல நிறுவனங்களின் மாதிரிகள் 1986இல் பாரிஸில் சோதிக்கப்பட்டன. தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல் எழுந்தது. 1987 பிப்ரவரியில் மதீரா தீவில் கூடியபோது, 15 நாடுகளுள் 13 நாடுகள் குறுகிய அலைவரிசை முறையை விரும்பின. பிரான்சும் ஜெர்மனியும் தாம் கூட்டாகப் பொருள் செலவிட்டு வளர்த்த அகன்ற அலைவரிசை முறையை விட்டுக்கொடுக்க மறுத்தன.

இரண்டு பெரிய நாடுகள் விலகியிருப்பின் முயற்சி அனைத்தும் வீணாகியிருக்கும். அவ்வாறு நேரவில்லை. அதே ஆண்டு மே மாதம் பான் நகரில் நான்கு நாட்டு அமைச்சர்கள் கூடி உடன்பாடு கண்டனர். பிரான்சும் ஜெர்மனியும் பெரும்பான்மையின் முடிவுக்கு இசைந்தன. செப்டம்பர் 7ஆம் நாள் கோபன்ஹேகனில் 13 நாடுகளின் தொலைபேசித் துறையினர் 1991இல் சேவையைத் தொடங்குவதென ஒப்பமிட்டனர். இதுவே ஜி.எஸ்.எம். எனப்படும் இரண்டாம் தலைமுறை. ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் நேரப் பங்கீட்டில் பகிர்ந்துகொள்வது இதன் சிறப்பு. 1991 ஜூலை 1ஆம் நாள் பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி இம்முறையில் முதல் அழைப்பை விடுத்தார். 1995 ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதி பாசு, டில்லியிலிருந்த அமைச்சர் சுக்ராமுடன் பேசியதும் இம்முறையில்தான்.

மூன்றாம் தலைமுறையில் உலகம் முழுமைக்கும் ஒரே முறை அமையவில்லை. அமெரிக்க நிறுவனங்கள் சில தனி வழி சென்றன. ஒரு முறைக்குரிய கருவி மற்றொன்றில் இயங்கவில்லை. 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் நான்காம் தலைமுறை தொடங்கியபின் இரு பாதைகளும் படிப்படியாக ஒன்றாயின. 2019 ஏப்ரலில் தென்கொரியாவிலும் அமெரிக்காவிலும், 2022 அக்டோபரில் இந்தியாவிலும் வந்த ஐந்தாம் தலைமுறை, உலகம் முழுமைக்கும் ஒரே விதியில் அமைந்தது.

ஆறாம் தலைமுறைக்கான பொது வரையறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023இல் வெளியிட்டது. வல்லரசுகளின் போட்டி வலுத்துவரும் இக்காலத்தில், இவ்விதி ஒன்றாக நிற்குமா, இரண்டாகப் பிளக்குமா என்பதே கேள்வி. பிளந்தால் அதன் சுமையைத் தாங்குவோர் வல்லரசுகள் அல்லர். பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்றோரும், அவர்தம் குரலுக்காக வீட்டில் காத்திருப்போருமே ஆவர். வானில் பரவும் அலை எல்லை அறியாது. எல்லை இடுபவன் மனிதனே. தம் முறையே உயர்ந்ததெனக் கருதியும் பொதுநலன் கருதி விட்டுக்கொடுத்த இரு நாடுகளின் செயல், அதனாற்றான் இன்றும் நினைவுகூரத் தக்கது.