வெள்ளரிப்பிஞ்சும் உழவர் சந்தையும்

சித்திரை வந்தால் எங்கள் மதுரையில் திருவிழா ஒரு பக்கம், வெள்ளரிப்பிஞ்சும் நுங்கும் கிர்ணிப்பழமும் நத்தம் மாம்பழமும் இன்னொரு பக்கம். பணி ஓய்வுக்குப் பின் காலை நடையை அண்ணா நகர் உழவர் சந்தை வரை நீட்டிக்கொண்டேன். "டாக்டர் நடக்கச் சொன்னாரா, சுமக்கச் சொன்னாரா?" என்பது வீட்டம்மாவின் கேள்வி.

வாசகர்களில் இளையவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இதுதான். கருணாநிதி முதல்வராக இருந்தபோது 1999 நவம்பர் 14-ல் தொடங்கியது. யோசனை புதிதல்ல. பஞ்சாபில் 1987-லேயே 'அப்னி மண்டி' வந்துவிட்டது. ஆந்திராவில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' தொடங்கினார்கள்.

இது ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வெள்ளரிப்பிஞ்சே போதும். கோடையில் கிணற்றில் மிஞ்சிய தண்ணீரை வைத்து, சில சென்ட் நிலத்தில் வெள்ளரியும் கீரையும் போடுவார் சிறு விவசாயி. இன்று பறிக்காத பிஞ்சு நாளை முற்றிவிடும். பறித்ததோ மாலைக்குள் வாடிவிடும். மூட்டையோடு கமிஷன் மண்டிக்குப் போனால், சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். திருப்பி எடுத்துப்போக இன்னொரு வண்டிக்கூலி யார் தருவது? இது மண்டிக்காரருக்கும் தெரியும். கமிஷன், இறக்குக்கூலி எல்லாம் கழித்துச் சீட்டு கையில் வரும்போது சில நாள் பஸ் காசுதான் மிஞ்சும். அதே பிஞ்சைத் தெருமுனையில் நாம் வாங்கிய விலை வேறு!

உழவர் சந்தையில் இதை உடைத்தது பெரிய சட்டம் ஒன்றுமில்லை. தராசும் கரும்பலகையும்தான் என்பேன். நிலம் இருக்கிறதா, என்ன பயிர் என்று சரிபார்த்துப் புகைப்பட அடையாள அட்டை கொடுத்தார்கள். கடைக்கு வாடகை இல்லை, தராசு இலவசம், அரசுப் பேருந்தில் காய்கறிக்குச் சுமைக் கட்டணமும் இல்லை. விலையைக் காலையிலேயே நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பது கணக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக, விற்பதற்கு முன்பே தன் சரக்கின் விலை விவசாயிக்குத் தெரிந்தது. எத்தனையோ அரசாணைகளைப் பார்த்த எனக்கு இந்தப் பலகை மீது தனி மரியாதை உண்டு.

2001-ல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் கவனிப்பாரின்றிப் போயின. 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. கத்தரிக்காய்க்கு ஏது கட்சி? ஆனால் நம் ஊரில் அதற்கும் கொடி கட்டிவிடுகிறோம். அட்டையை வைத்துக்கொண்டு வியாபாரிகள் உள்ளே நுழைகிறார்கள் என்ற புகாரும் ஓய்ந்தபாடில்லை. மலைக்காய்கறியை மதுரைத் தோட்டத்துக் காய் என்று ஒருவர் சொன்னால் நீங்களே புரிந்துகொள்ளலாம்.

மண்டிக்காரரை வில்லனாக்கவும் எனக்கு மனமில்லை. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுப்பவர் பல ஊர்களில் அவர்தான். மகள் கல்யாணத்துக்கும் அவரிடமே கை நீட்டுவார்கள். உழவர் சந்தை விலையைத் தந்தது, முன்பணம் தரவில்லை. அதனால்தான் சந்தைக்கு வரும் விவசாயிகளிலும் சிலர் பாதி மூட்டையை இங்கே இறக்கிவிட்டு, மீதியை வாங்கின கடனுக்காக மண்டிக்கு அனுப்புகிறார்கள்.