இஸ்ரவேல் அரசும் இரகசியப் படைகளும்

படைக்கலம் தாங்கும் உரிமை ஓரிடத்தே அமைந்திருத்தல் அரசின் இலக்கணங்களுள் ஒன்றாகும். அரசு தோன்றுமுன்னரே படை தோன்றின் அவ்வுரிமை யாரிடத்து நிற்கும்? பலஸ்தீன யூதரின் வரலாறு இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்றதாகும்.

1920இல் எருசலேமிற் கலவரம் மூண்டபோது பிரித்தானியர் தம்மைக் காக்கத் தவறினர் எனக் கருதிய யூதர், அவ்வாண்டிலேயே 'ஹகானா' என்னும் படையை மறைவாக நிறுவினர். எபிரேய மொழியில் இச்சொல் 'பாதுகாப்பு' எனப் பொருள்படும். அதனோடு முரண்பட்டோர் 1931இற் பிரிந்து 'இர்குன்' அமைப்பைத் தோற்றுவித்தனர். உலகப்போர்க் காலத்திலும் பிரித்தானியரை எதிர்த்தல் வேண்டுமென்ற ஆபிரகாம் ஸ்டேர்ண் 1940இல் இர்குனை விட்டு நீங்கினார். அவர் வகுத்த குழுவே பின்னர் 'லெஹி' எனப்பட்டது. ஹகானாவோ 1941இற் 'பல்மாக்' என்னும் தாக்குதற் படையை அமைத்தது.

1939ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை, ஐந்தாண்டுகளில் 75,000 யூதரே குடியேறலாம் என வரையறுத்தது. ஐரோப்பாவில் யூதர் கொன்றொழிக்கப்பட்ட காலத்தில் இத்தடை பெருஞ்சினத்தை விளைத்தது. 1944இல் மெனாச்செம் பெகின் தலைமையில் இர்குன் கிளர்ந்தெழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் லெஹியினர் மொய்ன் பிரபுவைக் கெய்ரோவிற் கொன்றனர். அதன்பின் ஹகானா இர்குன் உறுப்பினர் பலரைப் பிரித்தானியரிடமே காட்டிக்கொடுத்தது. ஆயினும் 1945இன் பிற்பகுதியில் மூன்றும் கூட்டுச் சேர்ந்தன. 1946 யூலை 22இல் இர்குன் எருசலேமின் கிங் டேவிட் ஹோட்டலைத் தகர்த்தபோது பிரித்தானியர், அராபியர், யூதர் உட்பட 91 பேர் மாண்டனர், கூட்டும் குலைந்தது.

இதனிடையே ஹகானா ஆயுதம் திரட்டிற்று. ரெகோவோத் நகரருகே ஒரு சலவைச்சாலையின் கீழே நிலவறைத் தொழிற்சாலை அமைத்து, 1945 முதல் 1948 வரை இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட தோட்டாக்களை ஆக்கினர். சலவை இயந்திரத்தின் ஓசை கீழே எழுந்த ஓசையை மறைத்தது.

1948 ஏப்பிரல் 9இல் இர்குனும் லெஹியும் டேர் யாசின் கிராமத்தைத் தாக்கி, பெண்டிர் சிறுவர் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட அராபியரைக் கொன்றன. அச்செய்தி பரப்பிய அச்சம் பலஸ்தீன அராபியர் ஊர்விட்டு ஓடியதற்கு ஒரு காரணமாயிற்று.

மே 14இல் அரசு பிரகடனம் செய்யப்பட்டது. மே 26இற் பென் கூரியன் ஒரே தேசியப் படையை நிறுவி, பிற படைகளைத் தடைசெய்தார். யூன் மாதத்தில் இர்குனின் ஆயுதங்களுடன் வந்த 'அல்தலேனா' கப்பலைத் தெல் அவீவ் கரையருகே சுடுமாறு அவரே பணித்தார். அம்மோதலில் இர்குன் தரப்பில் 16 பேரும் இராணுவத்தில் மூவரும் இறந்தனர். செப்டெம்பர் 17இல் லெஹியினர் ஐக்கிய நாடுகளின் சமரசத் தூதர் பேர்னடொட் பிரபுவைக் கொன்றபின், எருசலேமில் எஞ்சிய குழுக்களும் கலைக்கப்பட்டன.

இர்குனின் பெகின் 1977இலும் லெஹியின் இற்சாக் ஷமீர் 1983இலும் பிரதமராயினர். அவர்களை அப்பதவிக்கு உயர்த்தியது வாக்கேயன்றித் துவக்கன்று. எனினும், படைகள் ஒன்றாயினமையால் அவை விளைத்த துயர் மறையவில்லை. அரசை ஆக்கிய வீரம் எனச் சிலர் போற்றுவதும், ஊரை இழந்தோர் அழிவென நினைந்து வருந்துவதும் அந்த ஒரே வரலாற்றையே என்பதை நாம் மறத்தலாகாது.