6 வோல்ட்டிலிருந்து 24 வோல்ட்டுக்கு: ஒரு ராணுவ லாரியின் பேட்டரிக் கதை

அமெரிக்காவில் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் பழைய எம்35ஏ2 ராணுவ லாரி வைத்திருந்தார். இளவயதில் ராணுவத்தில் அவர் ஓட்டிய அதே ரகம். ஆல்டர்னேட்டரை இரண்டு தடவை மாற்றியும் பேட்டரி தாங்கவில்லை. வித்துடலாம்னு முடிவே பண்ணிவிட்டார். நான் மெக்கானிக் இல்லை. பழைய கையேடுகளைப் படிக்கிற ஆள், அவ்வளவுதான். ஆனால் கோளாறுக்கு விடை வரலாற்றில்தான் இருந்தது.

இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பும் ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரியும் 6 வோல்ட் வண்டிகள். போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் 24 வோல்ட்டுக்கு மாறியது. 1950-வாக்கில் வந்த எம்35 அந்தத் தலைமுறை. கணக்கு சுலபம்: அதே சக்திக்கு 24 வோல்ட்டில் கால் பங்கு மின்னோட்டம் போதும். ஒயர் மெலிசாக இருக்கலாம், வழியில் இழப்பும் குறைவு. ஆறு, கடற்கரை என்று தண்ணீரில் இறங்கும் வண்டி என்பதால் இணைப்புகளுக்கு ரப்பர் உறை. ஒயர்களில் எண் பொறித்த சிறு பட்டை இருக்கும்; நிறத்தைத் தேடாமல் எண்ணைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

சிக்கல் எங்கே? அந்த 24 வோல்ட் என்பது தொடராக இணைத்த இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள். ரெகுலேட்டருக்குத் தெரிவது இரண்டின் கூட்டுத்தொகை மட்டுமே.

எஞ்சினை ஓடவிட்டு அளந்தோம். மொத்தம் 28 வோல்ட், டேஷ்போர்டு முள்ளும் பச்சையில். எல்லாம் சரி மாதிரிதான் இருந்தது. அப்புறம் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்தால் ஒன்றில் 15, மற்றதில் 13! முன்னாடி வண்டியை வைத்திருந்த யாரோ ஒருவர், 12 வோல்ட் கார் ரேடியோவுக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்திருக்கிறார். அந்த பேட்டரி எப்போதும் அரைப்பட்டினி. பக்கத்தில் இருந்தது அளவுக்கு மீறிச் சார்ஜாகி தண்ணீர் வற்றிப்போயிருந்தது. பாவம், ஆல்டர்னேட்டர் மேல் குற்றமே இல்லை.

ரேடியோவை 24-லிருந்து 12-ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டருக்கு மாற்றினோம். சட்டகத்தோடு சேரும் எர்த் இணைப்பில் துருவைச் சுரண்டினோம். பேட்டரிகளை ஜோடியாகவே மாற்றினார், ஏன்னா பழசும் புதுசும் சேர்ந்தால் அதே வித்தியாசம் திரும்ப வந்துவிடும்.

உங்களிடம் இப்படி ஒரு வண்டி இருந்தால், பாகம் வாங்குவதற்கு முன்னால் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். பெரியவர் லாரியை விற்கவில்லை.