சம்பளமா, சன்மானமா?

பத்தாவது படிக்கும் என் பேத்தி ஒரு நாள் கேட்டாள்: "தாத்தா, அப்பாவுக்கு வர்றது சாலரி, உங்களுக்கு வர்றது பென்ஷன், வேலைக்கார அம்மாவுக்குக் கொடுக்கறது வேஜஸ். எல்லாம் காசுதானே, எதுக்கு இத்தனை பேரு?" மும்பையில் முப்பது வருஷம் மாதச் சம்பளம் வாங்கியவன் நான். இதை யோசித்ததே இல்லை. அதனால் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

சாலரி என்பது லத்தீன் மொழியின் 'சலாரியம்'. 'சால்' என்றால் உப்பு. ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பையே கூலியாக அளந்தார்கள் என்று பள்ளியில் வாத்தியார் சொல்லியிருப்பார். அதற்கு ரோமானியர் காலத்துச் சான்று கிடையாது. சொல்லில் உப்பு இருப்பது உண்மை. உப்பை அளந்தது கதை. வீரர்கள் வாங்கிய ஊதியத்தின் பெயர் 'ஸ்டிபெண்டியம்'. இன்று ஆராய்ச்சி மாணவர்கள் வாங்கும் ஸ்டைபெண்ட் அதன் வாரிசுதான். நம் பக்கத்திலும் சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து 'சம்பளம்' ஆயிற்று என்பார்கள். வழிச்செலவுக்கான உணவைக் குறிக்கும் 'சம்பல' என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு.

'வேஜ்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பிணை, ஈடு என்று பொருள். 'போனஸ்' என்றால் லத்தீனில் 'நல்லது', அவ்வளவுதான். 'பென்ஷன்' நிறுத்துக் கொடுப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தில் அது பெரும்பாலும் அரசரின் தயவாக இருந்தது. சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட அகராதியில் பென்ஷன் வாங்குபவர்களை நன்றாகவே கிண்டல் செய்தார். 1762-ல் அரசர் அவருக்கே ஆண்டுக்கு 300 பவுன் பென்ஷன் கொடுத்தார். மனிதர் வாங்கிக்கொண்டார்!

இந்தச் சொற்கள் கப்பலேறி இந்தியா வந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். கொடுப்பவர் தயவு என்கிறார். வாங்குபவர் உரிமை என்கிறார். நம் வரலாற்றில் இந்த வழக்கு பலமுறை நடந்திருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி படைக்குச் சம்பளத்துக்கு மேல் 'பட்டா' என்றொரு படி கொடுத்தது. நெல்லைக் குறிக்கும் கன்னடச் சொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவார்கள். நம்மூர் டிரைவர்களும் சினிமாத் தொழிலாளர்களும் இன்று வாங்கும் 'பேட்டா' இதுதான். வங்காளத்தில் ஆங்கிலேய அதிகாரிகள் வாங்கிவந்த இரட்டை பட்டாவை 1766-ல் கிளைவ் நிறுத்தினார். அதிகாரிகள் கூட்டாக ராஜினாமா செய்தார்கள். கிளைவ் அதை அடக்கிவிட்டார். படி கொடுத்துப் பழக்கிவிட்டால் அது சலுகையாக நிற்பதில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

அடுத்தது நம் மும்பையிலேயே நடந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் நல்ல லாபம் கண்ட பஞ்சாலைகள் தொழிலாளர்களுக்கு போனஸ் கொடுத்தன. பிறகு லாபம் குறைந்தது என்று நிறுத்தின. 1924-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தலைமை நீதிபதி நார்மன் மெக்லியாட் தலைமையிலான குழு, போனஸ் கேட்கத் தொழிலாளர்களுக்கு உரிமை இல்லை என்றது. 41 ஆண்டுகள் கழித்து, 1965-ல், போனஸ் சட்டம் வந்தது. குறைந்தபட்சம் முதலில் 4 சதவீதம், பின்னர் 8.33 சதவீதம். அதாவது பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு மாதச் சம்பளம். 'நல்லது' என்ற சொல் 'பாக்கி' என்று ஆனது.

பென்ஷனுக்கும் அப்படியே. 1982 டிசம்பர் 17-ல், நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் பென்ஷன் அரசின் கருணை அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று தெளிவாகச் சொன்னது. அதனால்தான் அந்த நாளை ஓய்வூதியர்கள் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு, மானேஜர் முதல் கூலித் தொழிலாளி வரை எல்லாரையும் 'வேஜஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் கொண்டுவந்தது. பேத்தி கேட்ட கேள்விக்குச் சட்டம் சொன்ன பதில் இது என்றேன்.

அவள் விடவில்லை. "அப்போ தீபாவளிக்கு அப்பாவுக்கு வந்தது போனஸ். வேலைக்கார அம்மாவுக்கு நாம கொடுத்தது?"

"இனாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பதினோரு வருஷமாக ஒரு நாள் தவறாமல் வருகிறவர். நாங்கள் கொடுத்தது ஒரு புடவையும் ஐந்நூறு ரூபாயும்.

அடுத்த தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்தோம். போனஸ் என்று சொல்லியே கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷமும் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன்.